தானியேலின் எழுபது வாரங்கள்: யாருக்குச் சொன்னது, எங்கிருந்து எண்ணுவது?

கரிசல்காட்டு வாசகன்

ஒரு நீண்ட கேள்வியோடு வந்திருக்கிறேன். பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

எங்கள் சபையில் வாலிபர் வேதபாட வகுப்பு எடுக்கிறேன். அடுத்த மாதம் வேதாகமத்தின் தானியேல் புத்தகத்தை ஆரம்பிக்கிறோம், பிள்ளைகளே கேட்டது. எனக்குத் தெரிந்த தானியேல், சின்ன வயதில் கன்வென்ஷன் பந்தலில் பார்த்த சிலைப்படம்தான், 2-ஆம் அதிகாரத்தில் ராஜா சொப்பனத்தில் காணும் சிலை. மேடைக்குப் பின்னால் பெரிய துணியில் வரைந்து கட்டியிருப்பார்கள். பொன் தலை பாபிலோன், வெள்ளி மார்பு மேதிய பெர்சியா, வெண்கல வயிறு கிரேக்கம், இரும்புக் கால் ரோமாபுரி, இரும்பும் களிமண்ணும் கலந்த பாதம் ஐரோப்பா. பக்கத்திலேயே, 9-ஆம் அதிகாரத்தில் தூதன் தானியேலிடம் சொல்லும் எழுபது வாரக் கணக்கு. அறுபத்தொன்பது வாரம் முடிந்ததும் ஒரு பெரிய இடைவெளி, அதில் சபையின் காலம், அதற்கப்புறம் கடைசி வாரமாக ஏழு வருட உபத்திரவம்.

1998-ல் ஒரு பிரசங்கியார் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, 2000-க்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அப்பா அதை அப்படியே நம்பினார். பதினொரு வருடமாகக் கட்டிவந்த இன்சூரன்ஸ் பாலிசியை நிறுத்தினார். அக்காவை டீச்சர் டிரெயினிங்கில் சேர்க்க வைத்திருந்த பணத்தை அந்த ஊழியத்துக்குக் கொடுத்தார். 2000 வந்தது, போனது. அப்பா இன்றுவரை அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். அதனால்தான் இந்தப் பாடத்தை அரைகுறையாக எடுக்கப் பயமாக இருக்கிறது.

எழுபது வாரத்தை எங்கிருந்து எண்ணுவது? 9:26-ல் சங்கரிக்கப்படுகிற மேசியா யார்? இந்தப் புத்தகம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்று இறையியல் கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கிறார்களாமே, எதை வைத்துச் சொல்கிறார்கள்?

சுவிசேஷ தாசன்

தம்பி, உங்கள் வீட்டில் நடந்தது வேதனை. ஆனால் ஒருவர் தப்பாகக் கணக்குப் போட்டதால் வசனம் தப்பாகிவிடாது.

எழுபது வாரம் என்றால் எழுபது ஏழுகள், 490 வருடம். 9:25-ல் எருசலேமைத் திரும்பக் கட்டக் கட்டளை பிறப்பதிலிருந்து எண்ணச் சொல்லியிருக்கிறது. நெகேமியா 2-ஆம் அதிகாரத்தில் பெர்சிய ராஜா அர்தசஷ்டா தன் இருபதாம் வருடத்தில் உத்தரவு கொடுக்கிறான். சர் ராபர்ட் ஆண்டர்சன் என்பவர் லண்டன் ஸ்காட்லாந்து யார்டில் பெரிய அதிகாரியாக இருந்தவர். அவர் அதை கி.மு. 445 மார்ச் 14 என்று வைத்து, 69 வாரத்தை 360 நாள் கொண்ட வருடங்களாகப் பெருக்கினார். 69 பெருக்கல் 7 பெருக்கல் 360, மொத்தம் 1,73,880 நாள். கி.பி. 32 ஏப்ரல் 6-ல் வந்து நிற்கிறது. ஆண்டவர் கழுதைக்குட்டியின் மேல் எருசலேமுக்குள் வந்த நாள் அதுதான் என்றார். இதை நான் நாற்பது வருடமாகப் பிரசங்கித்து வருகிறேன்.

எபிரேய மாணவி

கரிசல்காட்டு வாசகன், உங்கள் அக்காவைப் பற்றிப் படித்ததும் கொஞ்ச நேரம் பதில் எழுத முடியவில்லை. நான் இறையியல் கல்லூரியில் எபிரேயமும் அரமேயமும் படித்தவள், தானியேலை விரும்பிப் படித்தவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

9-ஆம் அதிகாரத்தில் ஆரம்பித்தால் பிள்ளைகள் கணக்கிலேயே மாட்டிக்கொள்வார்கள். 11-ல் ஆரம்பியுங்கள். பெரும்பாலான சபைகளில் யாரும் பிரசங்கிக்காத அதிகாரம் அது. வடதிசை ராஜா, தென்றிசை ராஜா என்று பெயரே இல்லாமல் போகும். ஆனால் அலெக்சாந்தருக்குப் பிந்தைய வரலாற்றுப் புத்தகம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒவ்வொரு வசனமாகத் திறந்துகொள்ளும். தென்றிசை என்பது எகிப்தை ஆண்ட தாலமி வம்சம், வடதிசை என்பது சீரியாவை ஆண்ட செலூக்கிய வம்சம்.

11:6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தென்றிசை ராஜாவின் மகள் வடதிசை ராஜாவிடம் சமாதானத்துக்காக வருகிறாள், ஆனால் நிலைக்கவில்லை, கைவிடப்படுகிறாள். இரண்டாம் தாலமி தன் மகள் பெரெனீக்கேயை இரண்டாம் அந்தியோகுவுக்குக் கட்டிக்கொடுத்தான். அந்தியோகு ஏற்கெனவே இருந்த மனைவி லவோதிக்கேயைத் தள்ளிவைத்தான். கி.மு. 246-ல் தாலமி இறந்தான். பெரெனீக்கேயும் அவள் குழந்தையும் கொல்லப்பட்டார்கள். அந்த ஒரு வசனத்துக்குள் இவ்வளவும் இருக்கிறது.

11:30-ல் கித்தீமின் கப்பல்கள் வருகின்றன, ராஜா மனம் நொந்து திரும்புகிறான். இது கி.மு. 168. நான்காம் அந்தியோகு எபிபானெஸ் எகிப்துக்குள் நுழைந்து அலெக்சாந்திரியாவை நெருங்கிவிட்டான். ரோமத் தூதர் பொப்பிலியுஸ் லேனாஸ் எதிரே வந்தார். ராஜா யோசித்துச் சொல்கிறேன் என்றான். பொப்பிலியுஸ் கையிலிருந்த குச்சியால் ராஜாவைச் சுற்றி மண்ணில் ஒரு வட்டம் போட்டு, இதை விட்டு வெளியே வருவதற்கு முன் பதில் சொல் என்றார். ராஜா பின்வாங்கினான். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் கித்தீம் என்று எழுதாமல் நேராக ரோமர் என்றே எழுதிவிட்டது.

அப்புறம் 11:31. ஆலயத்தில் தினசரி பலி நிறுத்தப்படுகிறது, பாழாக்கும் அருவருப்பு வைக்கப்படுகிறது. கி.மு. 167 டிசம்பரில் எருசலேம் ஆலயப் பலிபீடத்தின் மேல் அந்தியோகுவின் ஆட்கள் வேற்றுப் பலிபீடம் கட்டினார்கள்.

அறிஞர்கள் காலத்தைக் கண்டுபிடிக்கும் இடம் இதற்கு அடுத்தது. 39-ஆம் வசனம் வரை எல்லாம் அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. 40-லிருந்து பொருந்தவில்லை. ராஜா எகிப்தைப் பிடிப்பான், கடலுக்கும் பரிசுத்த மலைக்கும் நடுவே கூடாரம் போட்டு அங்கே முடிவடைவான் என்று சொல்லியிருக்கிறது. அந்தியோகு கி.மு. 164-ன் இறுதியில் பெர்சியப் பக்கம் போன இடத்தில் செத்தான். ஆக, 167-ல் ஆலயம் தீட்டுப்பட்டது எழுதியவருக்குத் தெரியும். 164-ல் ராஜா எங்கே செத்தான் என்பது தெரியாது. இந்த இரண்டு தேதிக்கும் நடுவில்தான் 7 முதல் 12 வரையிலான தரிசனங்கள் இப்போதைய வடிவத்துக்கு வந்தன என்கிறார்கள். சிங்கக் கெபி, அக்கினிச்சூளை போன்ற முதல் ஆறு அதிகாரக் கதைகள் அதற்கு முன்பே வழங்கி வந்தவை.

சந்தியாகு மகன்

நான் கத்தோலிக்கன். சகோதரி சொல்கிற கதை எங்கள் திருவிவிலியத்தில் மக்கபேயர் புத்தகங்களில் இருக்கிறது. முதல் மக்கபேயர் 1:54-ல் பலிபீடத்தின் மேல் கட்டிய அந்த அருவருப்புக்குத் தானியேலில் வரும் அதே சொற்றொடர்தான். மூன்று வருடம் கழித்து யூதா மக்கபே ஆலயத்தைச் சுத்தம் பண்ணி விளக்கேற்றினார். யூதர்கள் இன்றும் கொண்டாடுகிற ஹனுக்கா அதுதான். உங்கள் வேதாகமத்தில் இந்தப் புத்தகங்கள் இல்லாததால் 11-ஆம் அதிகாரம் ஆகாயத்தில் தொங்குகிற மாதிரி தெரியும். பிள்ளைகளுக்கு இதையும் படிக்கக் கொடுங்கள், பிரதர்.

சுவிசேஷ தாசன்

சகோதரி, நீங்கள் படித்தவர், மதிக்கிறேன். ஆனால் உங்கள் வாதத்தின் அடியில் ஒரு முடிவு முன்கூட்டியே இருக்கிறது: நடக்கப்போவதைத் தேவன் சொல்ல முடியாது, அதனால் நடந்த பிறகுதான் எழுதியிருக்க வேண்டும். தேவன் சொல்லக்கூடியவர் என்று நம்புகிறவனுக்கு 11-ஆம் அதிகாரம் அற்புதம், ஆதாரம் அல்ல.

இன்னும் கேளுங்கள். 5-ஆம் அதிகாரத்தில் பாபிலோன் ராஜாவாக வரும் பெல்ஷாத்சார் என்ற பெயரே வேறெங்கும் இல்லை, தானியேல் கற்பனை என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். 1854-ல் ஊர் என்ற பெயருள்ள பழைய நகரத்தில், பாபிலோனின் கடைசி ராஜா நபோனிதுஸின் களிமண் உருளை கிடைத்தது, அதில் மகன் பெல்ஷாத்சாரின் பெயர் இருந்தது. அப்பன் அரபிப் பாலைவனத்துத் தேமாவில் போய் உட்கார்ந்திருக்க, பாபிலோனை மகன் கவனித்தான் என்பது பிறகு வந்த பலகைகளில் தெரிந்தது. 5:16-ல் தானியேலை ராஜ்யத்தில் மூன்றாம் அதிபதியாக்குகிறேன் என்கிறான். ஏன் மூன்றாவது? முதல் அதிபதி அப்பன், இரண்டாவது இவன். நானூறு வருடம் கழித்து எழுதியவனுக்கு இது எப்படித் தெரியும்?

சவக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் தானியேலின் எட்டுப் பிரதிகள் கிடைத்தன. அதில் ஒன்று கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. எழுதி நாற்பது ஐம்பது வருடத்துக்குள் அவ்வளவு மதிப்பு வந்துவிடுமா? அதே கும்ரானில் இன்னொரு சுருள் தானியேலைத் தீர்க்கதரிசி என்றே சொல்கிறது. மத்தேயு 24:15-ல் ஆண்டவரே அப்படிச் சொல்கிறார். எனக்கு அது போதும்.

எபிரேய மாணவி

ஐயா, பெல்ஷாத்சார் விஷயம் நல்ல வாதம், ஒத்துக்கொள்கிறேன். பாபிலோனைப் பற்றிய பழைய நினைவுகள் அந்தக் கதைகளில் இருக்கின்றன என்று எங்கள் பேராசிரியர்களும் சொல்வார்கள். ஆனால் அதே 5-ஆம் அதிகாரம் பெல்ஷாத்சாரை நேபுகாத்நேச்சாரின் மகன் என்கிறது. முடிவில் மேதியனாகிய தரியு ராஜ்யத்தை எடுத்துக்கொள்கிறான். அப்படி ஒரு ராஜாவைப் பாபிலோனியப் பதிவுகளில் எங்கும் காணோம். பாபிலோனைப் பிடித்தது பெர்சிய ராஜா கோரேசு. கும்ரானில் நபோனிதுஸின் ஜெபம் என்று ஒரு அரமேயத் துண்டும் கிடைத்தது. தேமாவில் ஏழு வருடம் நோயில் கிடந்த ராஜாவுக்கு ஒரு யூதன் வழி சொல்கிறான். 4-ஆம் அதிகாரத்தில் நேபுகாத்நேச்சார் ஏழு காலம் புல் மேய்ந்த கதையின் பழைய உருவம் அது என்று பலர் கருதுகிறார்கள். கதை வாய்மொழியாக வரும்போது மகன் பெயர் தங்கி, அப்பன் பெயர் மாறியிருக்கிறது.

தேவன் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று நான் சொல்லவில்லை. 40-ஆம் வசனத்தில் ஏன் பொருத்தம் நின்றுபோகிறது என்றுதான் கேட்கிறேன். முன்னறிவிப்பு என்றால் முழுவதும் பொருந்த வேண்டுமே? அந்த இடத்தில் திடீரென்று அந்திக்கிறிஸ்துவுக்குத் தாவுகிறது என்று சொல்லலாம். ஆனால் வசனத்தில் தாவுகிற அடையாளம் ஒன்றும் இல்லை. ராஜா அதே ராஜாதான்.

இன்னொன்று. எபிரேய வேதத்தில் தானியேல் தீர்க்கதரிசிகள் பகுதியில் இல்லை. சங்கீதம், யோபு, எஸ்றா இருக்கும் எழுத்துகள் என்ற பகுதியில் இருக்கிறது. கி.மு. 180 வாக்கில் எழுதிய சீராக் என்ற யூத ஞானி, முன்னோர்களைப் புகழும்போது ஏசாயா, எரேமியா, எசேக்கியேல், பன்னிரண்டு தீர்க்கதரிசிகள் என்று வரிசையாகச் சொல்கிறார். தானியேலைச் சொல்லவில்லை. இது ஒன்றே நிரூபணம் ஆகாது. மற்றவற்றோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டியது.

இப்போது 9-ஆம் அதிகாரம். பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். 9:25, 26-ல் மேசியா என்று இருக்கும். ஏசாயா 45:1-க்குப் போங்கள். அங்கே “அபிஷேகம்பண்ணின கோரேசு” என்று இருக்கும். எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல், மஷியாக். ஒரு இடத்தில் சொல்லை மொழிபெயர்த்திருக்கிறார்கள், இன்னொரு இடத்தில் அப்படியே பெயராக வைத்துவிட்டார்கள். தமிழில் படிக்கிற நமக்கு இது ஒரே சொல் என்று தெரிய வழியே இல்லை. ராஜாவும் அபிஷேகம் பண்ணப்பட்டவர், பிரதான ஆசாரியரும் அபிஷேகம் பண்ணப்பட்டவர்.

அதே வசனத்தில் “தமக்காக அல்ல” என்று தமிழில் இருக்கிறது. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பும் அப்படித்தான் போகிறது. எபிரேயத்தில் இருப்பது இரண்டே சொல், வெஏன் லோ. அவருக்கு ஒன்றும் இல்லை, அல்லது அவருக்கு யாரும் இல்லை. நமக்காக மரித்தார் என்ற அர்த்தம் அங்கே தானாக வரவில்லை, மொழிபெயர்ப்பு வழியாக வந்தது. முதன்முதலில் வகுப்பில் இதைப் பார்த்த அன்று எனக்கு அழுகை வந்தது. என் தாத்தா அடக்க ஆராதனையில் வாசித்த வசனம் அது.

கி.மு. 171 வாக்கில் ஒனியா என்ற பிரதான ஆசாரியர், பதவியையும் இழந்து, அந்தியோக்கியாவுக்கு அருகே கொல்லப்பட்டார். இரண்டாம் மக்கபேயர் 4-ல் இருக்கிறது. அவரைத்தான் இந்த வசனம் சொல்கிறது என்பது இன்றைய பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து.

காத்திருப்பவன்

அக்கா, ஒரு சந்தேகம். ஒனியா என்றால் கணக்கு இடிக்குமே? எருசலேம் இடிந்தது 587. 9:25-ன் முதல் ஏழு வாரம், அதாவது 49 வருடம், அதிலிருந்து கழித்தால் 538, கோரேசு விடுதலை கொடுத்த வருடம், சரி. அங்கிருந்து அடுத்த அறுபத்திரண்டு வாரத்துக்கு 434 கழித்தால் 104 அல்லவா வருகிறது? 171-க்கு 67 வருடம் தள்ளி.

எபிரேய மாணவி

சரியாகப் பிடித்தீர்கள். இடிக்கத்தான் செய்கிறது. மறைக்க வேண்டியதில்லை, வகுப்பிலும் சொல்லலாம். பெர்சியர் எத்தனை வருடம் ஆண்டார்கள் என்பது பழங்கால யூதர்களுக்குத் திட்டமாகத் தெரியாது. பிற்கால யூதக் காலக்கணக்கு நூலான சேதர் ஓலாம், இரண்டாம் ஆலயம் கட்டியதிலிருந்து அலெக்சாந்தர் வரும் வரை 34 வருடம் என்கிறது. உண்மையில் ஏறக்குறைய 180 வருடத்துக்கு மேல். அவர்கள் குறைத்து எண்ணினார்கள், தானியேலில் கூடுதலாக வந்திருக்கிறது. தவிர, 490 என்பது மிகச் சரியாக அளந்த எண் என்பதைவிட, பாபிலோன் அடிமைத்தனத்துக்கு எரேமியா சொன்ன 70 வருடத்தை ஏழால் பெருக்கியது என்பதுதான் முக்கியம். லேவியராகமம் 26-ல், திருந்தாவிட்டால் ஏழத்தனையாய்த் தண்டிப்பேன் என்று வருகிறதே, அதுதான் பின்னணி.

ஆண்டர்சன் கணக்குக்கும் இதே அளவுகோலை வையுங்கள். 360 நாள் வருடத்தை யூதர்கள் தொடர்ச்சியாக 483 வருடம் எண்ணியதே கிடையாது. இடையிடையே ஒரு மாதம் கூட்டித்தான் பஸ்காவை வசந்த காலத்தில் நிறுத்துவார்கள். கட்டளை எது என்பதிலும் மூன்று தேர்வு: 538-ன் கோரேசு, 457-ன் அர்தசஷ்டா, 445-ன் அர்தசஷ்டா. முடிவு எங்கே வர வேண்டும் என்று முதலில் தீர்மானித்துவிட்டு ஆரம்பத்தைத் தேடினால், ஏதாவது ஒன்று கிடைத்துவிடும்.

வரலாற்று ஆர்வலன்

நான் கிறிஸ்தவன் அல்ல, பழைய வரலாற்றில் ஆர்வம் உள்ளவன். இந்த இரண்டாம் நூற்றாண்டு வாதம் நவீன காலத்தில் பிறந்தது என்று நினைக்க வேண்டாம். கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலேயே, தீரு பட்டணத்துக்காரரான பொர்பிரி என்ற தத்துவவாதி கிறிஸ்தவர்களுக்கு எதிராக 15 புத்தகம் எழுதினார். அதில் பன்னிரண்டாவது முழுக்கத் தானியேலைப் பற்றியது. அந்தியோகு வரை சொன்னது வரலாறு, அதற்கு மேல் சொன்னது ஊகம் என்றார். 448-ல் இரண்டாம் தெயோதோசியுஸ் ராஜா அந்தப் புத்தகங்களை எரிக்கச் சொன்னான். இன்று நமக்கு அவர் வாதம் எப்படித் தெரிகிறது? அவரை மறுத்து 407-ல் தானியேல் உரை எழுதிய ஜெரோம், மறுப்பதற்காகவே அவர் சொன்னதை வரி வரியாக எடுத்து எழுதி வைத்தார். எதிராளியைச் சரியாக மேற்கோள் காட்டுகிற நேர்மைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நடந்ததை இனி நடக்கப்போவதாக எழுதும் வழக்கம் நம் பக்கத்திலும் உண்டு. விஷ்ணு புராணத்தின் நான்காம் பகுதியில் நந்தர், மௌரியர், ஆந்திரர் என்று கலியுக ராஜவம்சங்கள் எதிர்காலத்தில்தான் சொல்லப்படுகின்றன. ஏமாற்றுவதற்காக எழுதியது என்று யாரும் அதைத் தள்ளுவதில்லை. அந்த இலக்கியத்தின் பேச்சுமுறை அது.

சுவிசேஷ தாசன்

புராணத்தையும் வேதத்தையும் ஒரே தராசில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஜெரோம் பற்றிச் சொன்னது புதுச் செய்தி. அந்தப் பெரியவர் எழுபது வாரத்துக்கு என்ன கணக்கு வைத்தார்?

எபிரேய மாணவி

ஐயா, அவர் கணக்கே வைக்கவில்லை! அந்த இடம் வந்ததும், பெரிய போதகர்களிடையே ஒருவருக்கு மேல் ஒருவரைத் தூக்கித் தீர்ப்புச் சொல்வது ஆபத்து என்று சொல்லிவிட்டு, ஆப்பிரிக்கானுஸ், எவுசேபியுஸ், இப்போலித்து, அப்பொல்லினாரி, கிளெமெந்து, ஒரிகேன், தெர்த்துல்லியன், கடைசியில் யூதர்கள் என்று ஒவ்வொருவர் கணக்கையும் வரிசையாக எழுதி வாசிக்கிறவரிடமே விட்டுவிட்டார். லத்தீனில் வேதத்தையே பெயர்த்த மனிதர் அவர்.

வகுப்புக்கு நான் கொண்டுபோகச் சொல்வது இந்த வரலாற்றைத்தான். ஒரே பத்தியை ஒவ்வொரு காலத்தாரும் எப்படித் தங்கள் கையில் எடுத்தார்கள் என்று பாருங்கள். முதலில் தானியேலே அதைச் செய்கிறார். 9:2-ல் எரேமியாவின் 70 வருடத்தை வைத்துக்கொண்டு யோசிக்கிறார். அந்தக் காலம் முடிந்தும் விடியவில்லை, ஏன்? எழுபது வருடம் இல்லை, எழுபது வாரம் என்று தூதன் விளக்குகிறான். வேதத்துக்குள்ளேயே ஒரு வேதவிளக்கம்.

அடுத்தது கும்ரான். 1947-ல் கிடைத்த முதல் சுருள்களில், ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்துக்கு அங்கிருந்த யூதக் குழு எழுதிய உரை ஒன்று. கடைசித் தலைமுறைக்கு நடக்கப்போவதை எழுதும்படி தேவன் ஆபகூக்கிடம் சொன்னார், ஆனால் காலம் எப்போது முடியும் என்பதை அவனுக்குத் தெரிவிக்கவில்லை. எங்கள் தலைவரான நீதியின் போதகருக்குத்தான் தெரிவித்தார் என்று அந்த உரை சொல்கிறது. எழுதியவனுக்கே தெரியாத அர்த்தம் எங்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கை. இன்றைய மேடைப் பிரசங்கம் வரைக்கும் அது ஓடி வருகிறது.

பிறகு ரோமர்கள் வந்தார்கள், கி.பி. 70-ல் ஆலயம் எரிந்தது. தானியேலின் நான்காம் ராஜ்யம், சிலையின் இரும்புக் கால், அதுவரை கிரேக்கம் என்றே எடுக்கப்பட்டது, இனி அப்படிச் சொல்ல முடியவில்லை. எஸ்றாவின் பெயரில் அப்போது எழுதிய ஒரு நூலில் தூதன் சொல்கிறான்: நீ கண்ட கழுகு, உன் சகோதரன் தானியேலுக்குக் காட்டிய நான்காம் ராஜ்யம், ஆனால் உனக்கு இப்போது விளக்குகிறபடி அவனுக்கு விளக்கவில்லை. பழைய அர்த்தம் வேறு என்று தெரிந்தே, வெளிப்படையாக, புது அர்த்தம் கொடுக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வரி இது. உங்கள் பந்தல் துணியில் இரும்புக் காலுக்கு ரோமாபுரி என்று பெயர் வந்தது இந்தக் காலத்தில்தான். சிரியாக் சபையில் எப்ரேம் போன்றவர்கள் மட்டும் கிரேக்கம் என்ற பழைய விளக்கத்தையே வைத்துக்கொண்டார்கள்.

கரிசல்காட்டு வாசகன்

அக்கா, தேதி குறித்து ஏமாந்தவர்கள் பற்றி ஏதாவது பழைய பதிவு இருக்கிறதா? எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி நடந்தது என்ற மாதிரி அப்பா உள்ளுக்குள் இருக்கிறார்.

எபிரேய மாணவி

இருக்கிறது. அப்பாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இப்போது முழுதாகக் கிடைக்கிற கிறிஸ்தவ வேத உரைகளில் மிகப் பழையது, இப்போலித்து தானியேலுக்கு எழுதியது. கி.பி. 204 வாக்கில். அதில் தன் காலத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறார். சீரியாவில் ஒரு சபைத் தலைவர், கிறிஸ்துவை எதிர்கொள்ளப் போகிறோம் என்று மனைவி பிள்ளைகளோடு விசுவாசிகளை வனாந்தரத்துக்குக் கூட்டிப்போனார். மலைகளில் வழி தெரியாமல் அலைந்தார்கள். கொள்ளைக்காரர் என்று நினைத்துத் தேசாதிபதி அவர்களைக் கொன்றே போட்டிருப்பான். விசுவாசியாயிருந்த அவன் மனைவி கெஞ்சியதால் பிழைத்தார்கள். கருங்கடல் ஓரத்துப் பொந்து தேசத்தில் இன்னொரு தலைவர், ஒரு வருடத்துக்குள் நியாயத்தீர்ப்பு என்று சொப்பனம் கண்டு சொன்னார். ஜனங்கள் நிலத்தைப் பயிரிடாமல் விட்டார்கள், சொத்தை விற்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. விற்றவர்கள் கடைசியில் பிச்சையெடுத்தார்கள்.

பதினெட்டு நூற்றாண்டுக்கு முந்திய சம்பவம். உங்கள் அப்பாவை அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரிகிறது.

பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் வரை 2300 நாள் என்று 8:14-ல் வருகிறது. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி அதை 2300 வருடமாக்கி, கிறிஸ்து எப்போது வருவார் என்று கி.மு. 457-லிருந்து எண்ணினார். முதலில் 1843, அது தவறியதும் 1844 அக்டோபர் 22. சிலர் அறுவடையை வயலிலேயே விட்டார்கள். அன்றிரவு காத்திருந்தவர்களில் ஒருவர், விடியும்வரை அழுதோம் என்று எழுதி வைத்திருக்கிறார். 8:14-ல் நாள் என்ற சொல்கூட எபிரேயத்தில் இல்லை. மாலையும் காலையும் 2300 என்றுதான் இருக்கிறது. காலைப் பலியும் மாலைப் பலியும் என்று எடுத்தால் 1150 நாள்தான். ஆலயம் தீட்டாய்க் கிடந்த மூன்று வருடத்தை ஒட்டிய காலம்.

ஐசக் நியூட்டன்கூடத் தானியேலுக்கு உரை எழுதினார், அவர் இறந்த பிறகு 1733-ல் வெளிவந்தது. காலங்களை முன்கூட்டிச் சொல்வதுதான் விளக்கவுரைகாரர்கள் செய்த மூடத்தனம், தேவன் இதைக் கொடுத்தது நம்மைத் தீர்க்கதரிசியாக்க அல்ல என்று அதில் சொல்கிறார்.

காத்திருப்பவன்

அப்படியானால் அந்தக் கடைசி வார இடைவெளி எப்போது வந்தது?

எபிரேய மாணவி

கடைசி வாரத்தைத் தனியாகப் பிரித்து முடிவு காலத்தில் வைப்பது இப்போலித்துவிடமே உண்டு. ஆனால் நாம் கேட்டு வளர்ந்த வடிவம், அதாவது நடுவில் சபையின் காலம், அதன் முடிவில் விசுவாசிகளை எடுத்துக்கொள்ள இரகசிய வருகை, அப்புறம் ஏழு வருடம், இது 19-ஆம் நூற்றாண்டில் ஜான் டார்பி என்ற போதகர் வகுத்தது. 1909-ல் ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் வந்ததும், வசனத்துக்குக் கீழேயே குறிப்பாக அச்சாகி உலகமெங்கும் பரவியது. வசனமும் குறிப்பும் ஒரே பக்கத்தில் இருந்தால், எது எது என்று கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

சுவிசேஷ தாசன்

என்னிடம் இருப்பதும் அதுதான். நேற்று இரவு எடுத்துப் பார்த்தேன். நான் வசனம் என்று நினைத்துச் சொல்லிவந்த ஒன்றிரண்டு, குறிப்பில்தான் இருக்கிறது. புத்தகம் எப்போது எழுதப்பட்டது என்பதில் உங்களோடு நான் சேரமாட்டேன், சகோதரி. ஆனால் இனி மேடையில் தேதி சொல்லமாட்டேன். அதைக் கேட்டு எந்த வீட்டில் எந்தப் பிள்ளையின் படிப்பு நின்றது என்று எனக்கு எப்படித் தெரியும்.

சந்தியாகு மகன்

ஐயா, பெரிய வார்த்தை.

பிள்ளைகளுக்கு ஒரு சின்ன விஷயம் சொல்லட்டுமா? 3:5-ல் நேபுகாத்நேச்சாரின் சிலைக்கு முன்னால் வாசிக்கிற வாத்தியங்களைப் பழைய தமிழ் வேதாகமத்தில் பாருங்கள்: எக்காளம், நாகசுரம், கின்னரம், வீணை, சுரமண்டலம், தம்புரு. பாபிலோனில் நாகசுரம்! மொழிபெயர்த்தவர்கள் நம் காதுக்குத் தெரிந்த சத்தத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

எபிரேய மாணவி

இதைச் சொல்ல மறந்துவிட்டேனே! அந்த வரிசையில் கின்னரம், சுரமண்டலம், தம்புரு என்று தமிழில் வரும் மூன்று இடத்திலும் அரமேயத்தில் இருப்பவை கிரேக்கச் சொற்கள்: கித்தாரோஸ், ப்ஸந்தெரின், சும்போன்யா. அலெக்சாந்தருக்குப் பிறகுதான் இது எழுதப்பட்டது என்பதற்கு 1900-ல் எஸ். ஆர். டிரைவர் இதை ஒரு முக்கிய ஆதாரமாக வைத்தார். வாத்தியத்தோடு அதன் பெயரும் வியாபாரிகள் வழியாக முன்பே வந்திருக்கலாம் என்று மறுத்தவர்களும் உண்டு. தனியாக நின்றால் பலவீனமான ஆதாரம்தான். பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து இதை வாதாடச் சொல்லுங்கள்.

கரிசல்காட்டு வாசகன்

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். ஞாயிறு ராத்திரி சாப்பிட்ட பிறகு அப்பாவிடம் பொந்து தேசத்துக் கதையைச் சொன்னேன். சொத்தை விற்றவர்கள் பிச்சையெடுத்தார்கள் என்ற இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தன் பழைய வேதாகமத்தை எடுத்து வரச் சொன்னார். 11, 12 இரண்டு அதிகாரத்தையும் சேர்ந்து படித்தோம். அக்கா அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் உட்கார்ந்து கேட்டாள்.

12:11-ல் தினசரி பலி நீக்கப்பட்டதிலிருந்து 1290 நாள், அடுத்த வசனத்தில் காத்திருந்து 1335 நாள் மட்டும் சேருகிறவன் பாக்கியவான் என்று இருக்கிறது. அப்பா கேட்டார்: “ஏன்டா ரெண்டு எண்ணு? 1290 போதாதா?” எனக்குப் பதில் தெரியவில்லை.

எபிரேய மாணவி

நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். சில அறிஞர்கள் சொல்வது இது: பாடு நீங்கும் நாளுக்காகக் காத்திருந்தவர்கள் முதலில் 1290 என்று எண்ணினார்கள். அந்த நாள் வந்தது, முடிவு வரவில்லை. பழைய எண்ணை அழிக்காமல் பக்கத்தில் 1335 என்று எழுதினார்கள். அப்படியானால் தப்பிப்போன ஒரு கணக்கும், அதற்கப்புறமும் காத்திருந்தவர்களும் வேதத்துக்குள்ளேயே பதிந்திருக்கிறார்கள். எல்லோரும் இதை ஏற்பதில்லை. நான் ஏற்கிறேன்.

கரிசல்காட்டு வாசகன்

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அக்காவைப் பார்த்து, “அந்தப் பணத்தை நான் கொடுத்திருக்கக் கூடாது” என்றார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, முதல் தடவை.

அக்கா வகுப்புக்கு வருகிறாள். 11-ஆம் அதிகாரத்துக்குத் துணியில் ஒரு வரைபடம் தைத்துத் தருகிறேன் என்றிருக்கிறாள், வடதிசை ராஜா ஒரு நிறம், தென்றிசை ராஜா ஒரு நிறம். சந்தியாகு மகன் பிரதர், மக்கபேயர் உள்ள திருவிவிலியம் எனக்கு இரண்டு பிரதி வேண்டும். எங்கே வாங்கலாம்?

சந்தியாகு மகன்

வாங்க வேண்டாம், பிரதர். எங்கள் பங்கில் வாசகர் குழுவிடம் கூடுதலாக இருக்கிறது. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், சனிக்கிழமைக்குள் வந்து சேரும்.